முதல் அழைப்புக்குப் போனவன்

வந்திருந்த பெண்ணின் பச்சை ஸ்வெட்டரில் ஒரு கை முழுக்க ரத்தம் காய்ந்து முறுகிக் கிடந்தது. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. காபி கொடுத்தால் வாங்கிக்கொண்டு, குடிக்காமல் அப்படியே வைத்திருந்தாள்.

"இது என் ரத்தம் இல்லம்மா, என் புருஷனோடது," என்றாள். "அவரை அடிச்சே கொல்லப் பார்த்தாங்க. நாலு விலா எலும்பு போச்சு. இப்ப ஆஸ்பத்திரில கட்டிலோட சேர்த்து விலங்கு போட்டு வச்சிருக்காங்க. அவர் கொலைகாரராம். நாளைக்குக் காலைல ஜட்ஜ் வந்து பார்க்கிறாரு. அதுக்கப்புறம் சிறைதான்."

அவள் பெயர் த்ரிதா. அல்பேனியாக்காரி; சின்ன வயதிலேயே கடல் தாண்டி எங்கள் பாரி நகரத்துக்கு வந்துவிட்டவள். கணவன் பெத்ரித் கட்டடங்களுக்கு வண்ணம் பூசுபவன். துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு பழைய ஐந்து மாடிக் கட்டடத்தில் இந்த வசந்தத்தில்தான் இருவரும் சொந்தமாக ஒரு வீடு வாங்கியிருந்தார்கள்.

ஒத்தாவியா கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அறுபதை நெருங்கும் வயது. முன்பு அவரும் குடியிருப்பு நிர்வாகியாக இருந்தவர்தான். லிஃப்டைப் பழுதுபார்ப்பதா வேண்டாமா என்று நடந்த ஒரு கூட்டத்தில், யாரோ வீசிய கண்ணாடிச் சாம்பல் கிண்ணம் அவர் தாடையை உடைத்துவிட்டது. தாடை ஒட்டியதும் நிர்வாகத்துக்குத் தலைமுழுகிவிட்டுத் துப்பறியும் லைசென்ஸ் எடுத்தார். கொலைகாரர்களோடு பழகுவது அதைவிடப் பத்திரம் என்பது அவர் கட்சி. அன்றிலிருந்து வாயை அதிகம் திறக்காமல் மெதுவாகப் பேசுவார். அதனால் எதிராளி எப்போதும் அவரைவிட அதிகமாகப் பேசிவிடுவான்.

"செத்தது யாரு?" என்று கேட்டார்.

"எங்க கட்டடத்து நிர்வாகி, லமான்னா. நேத்து விடியக்காலைல, அடித்தளத்துல கூட்டம் நடக்கிற ரூம்ல. மண்டையைப் பிளந்து போட்டிருந்தாங்க. இவர் கூட்டத்துக்குன்னு போனாரும்மா. ஆறு மணின்னு நோட்டீஸ் போட்டிருந்துச்சு."

மூலையில் உட்கார்ந்திருந்த கொசிமோ நாற்காலியிலிருந்து துள்ளினார். அவர் ஒத்தாவியாவின் மறைந்த கணவருக்குத் தம்பி. ஓய்வுபெற்ற டிராஃபிக் போலீஸ். எதையும் கேட்ட கையோடு தீர்ப்பு எழுதிவிடுவார்.

"முதல் அழைப்புக்கா? முதல் அழைப்புக்கு எவன்மா போவான்?"

"போலீஸும் இதையேதான் கேக்குது," என்று த்ரிதா அழுதாள்.

எங்கள் ஊரில் எந்தக் குடியிருப்போர் சங்கமும் கூட்டத்துக்கு இரண்டு தேதி போடும். முதல் அழைப்பில் கூட்டம் செல்ல வேண்டுமானால் பாதிக்கு மேல் வீட்டுச் சொந்தக்காரர்கள் வேண்டும். அவ்வளவு பேர் எங்கே வருவது? ஆகவே முதல் அழைப்பை நாய்கூட எழாத நேரத்தில் வைத்து, ஒருவரும் வரவில்லை என்று எழுதிவிட்டு, மறுநாள் மாலை இரண்டாம் அழைப்பில் சாவகாசமாகக் கூடிச் சண்டை போடுவார்கள். அதற்குக் கொஞ்சம் பேர் போதும். முதல் அழைப்புக்கு யாரும் போவதில்லை, நிர்வாகியே போவதில்லை. இது எங்களுக்குத் தாய்ப்பாலோடு வரும் அறிவு. பெத்ரித்துக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை.

"முதல் தடவையா சொந்த வீட்டுக் கூட்டம்னு கல்யாணக் கோட்டை எடுத்துப் போட்டாரு," என்றாள் த்ரிதா. "டை கட்டத் தெரியல. அதுலயே கால் மணி நேரம் போச்சு. லேட்டாயிடுச்சே, மரியாதை இல்லாதவன்னு நினைப்பாங்களேன்னு ஓடினாரு. போய்ப் பார்த்தா லமான்னா கீழ கிடக்காரு. தூக்கி மடியில வச்சுக்கிட்டுக் கத்தியிருக்காரு. எல்லாரும் ஓடி வந்தாங்க. ரத்தத்தோட இவரைப் பார்த்தாங்க. அவ்வளவுதான். முதல் அடி பல் டாக்டர் அடிச்சாரு. அந்தக் கட்டடத்துல எங்ககிட்ட அன்பா பேசுற ஒரே மனுஷன் அவர்தான். அதான் எனக்குத் தாங்கல."

"லமான்னாவோட அவருக்கு ஏதாவது தகராறு?"

"பால்கனில டிஷ் வைக்கக்கூடாதுன்னாரு. இவர் கோபத்துல 'தலையை உடைச்சிடுவேன்'னு சொல்லிட்டாரு. போலீஸ் அதைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது."

"அந்த வார்த்தையை நான் வாரம் தவறாம கேட்டிருக்கேன்," என்றார் ஒத்தாவியா. "ஒரு தடவைதான் செஞ்சும் காட்டினாங்க." தாடையைத் தடவிக்கொண்டார். "உன் புருஷன் ஏன் போனார்னு போலீஸ் கேக்குது. அதுக்குப் பதில் சுலபம், தெரியாம போனார். லமான்னா இருபது வருஷமா நிர்வாகி. யாரும் வரமாட்டாங்கன்னு அவருக்குத் தெரியும். அவர் ஏன் போனார்? இதை யாருமே கேட்கலையே."

ஒத்தாவியா த்ரிதாவிடம் திரும்பினார்.

"இரண்டாம் அழைப்பு இன்னிக்குச் சாயங்காலமா?"

"ஏழு மணிக்கு. ரூமுக்குச் சீல் வச்சுட்டாங்க. முற்றத்துல நடத்தப் போறாங்களாம். ஆள் செத்ததுக்காகக்கூட நிறுத்தல."

"நிறுத்த வேண்டாம். வீடு உன் பேர்லயும் இருக்குல்ல? உனக்குப் பதிலா நான் வரேன்னு ஒரு ப்ராக்ஸி எழுதிக் கொடு. வெளியாளை உள்ள விட மாட்டாங்க. ப்ராக்ஸி வச்சிருக்கிறவளைத் தடுக்கவும் முடியாது."

*

அடித்தளத்து அறை முன்பு கொதிகலன் இருந்த இடம். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் கொசிமோவுக்குப் பழைய சிநேகிதர். வாசலில் நின்று பார்க்கலாம், காலை உள்ளே வைக்கக் கூடாது என்றார்.

பார்ப்பதே போதுமானதாக இருந்தது. சுவரில் ஆள் உயரத்துக்கு ரத்தம் தெறித்திருந்தது. ஓர் அடியோடு நிற்கவில்லை என்பது அதைப் பார்த்தாலே தெரியும். விழுந்தவனையும் விடாமல் அடித்திருந்தார்கள். பழைய கொதிகலனைக் கிளறும் இரும்புக் கம்பி கிடந்த இடத்தில் சாக்குக்கட்டியால் கோடு போட்டிருந்தார்கள். கொசிமோ ஒரு முறை பார்த்துவிட்டுக் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார்.

அறை நடுவே ஒரு மேசை. மடக்கு நாற்காலிகள் எல்லாம் சுவரோரம் மடக்கியபடியே இருந்தன. இரண்டு மட்டும் விரித்துப் போடப்பட்டிருந்தன. இரண்டும் மேசைக்கு ஒரே பக்கத்தில், காலி அறையைப் பார்த்தபடி இருந்தன. மேசைப் பலகை முழுக்க ரத்தப் புள்ளிகள். அதற்கு நடுவே ஒரு தாள் அளவுக்குச் சுத்தமான இடம்.

"புரிஞ்சுபோச்சு அண்ணி," என்றார் கொசிமோ. "ரெண்டு பேர் உட்கார்ந்து பேசியிருக்காங்க. பேச்சு முத்திருச்சு. ஒருத்தன் கம்பியை எடுத்துட்டான்."

"ரெண்டு பேர் பேசணும்னா எப்படி உட்காருவாங்க, கொசிமோ?"

"எதிரெதிரா."

"இங்க பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்திருக்காங்க. எதிர்ல யாரும் இல்லை."

"ஏதாவது வேடிக்கை பார்த்திருப்பாங்களோ?" என்று கொசிமோ காலிச் சுவரைப் பார்த்தார். ஒத்தாவியா சிரிக்கவில்லை. தாடை வலிக்கும் என்பதற்காக இருக்கலாம்.

"அந்தச் சுத்தமான இடத்துல என்ன இருந்திருக்கும்?" என்று போலீஸ்காரரிடம் கேட்டார்.

"தெரியலம்மா. அந்த அல்பேனியன்கிட்ட துண்டுக் காகிதம்கூட இல்ல. செத்தவர் பையில நோட்டீஸ் நகல் இருந்துச்சு. ரெண்டே விஷயம். மாடிப்படி விளக்கு மாத்துறது. கட்டடத்துச் சுவர்களைப் பார்க்க இஞ்சினீயரைக் கூப்பிடுறது."

*

முதல் மாடியில் எர்சிலியா என்ற ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை இருந்தார். கதவைத் திறக்க அவர் படாத பாடு பட்டார்; உள்ளேயிருந்து தூக்கித் தூக்கி இழுக்கும் சத்தம் கேட்டது. உள்ளே ஏற்கெனவே மூன்றாம் மாடி மீன்கடைக்காரர் ஜொன்னோ உட்கார்ந்திருந்தார். எருமைத் தோள். வலது கை முட்டிகளில் தோல் உரிந்து, மேலே பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"அந்தப் பொண்ணுக்காக வந்திருக்கீங்களா?" என்றார் எர்சிலியா. "உட்காருங்க. பாவம்தான். ஆனா பண்ணினது அவ புருஷன். நானே கைத்தடியால ரெண்டு போட்டேன்."

"நான் கணக்கு வச்சுக்கல," என்று ஜொன்னோ கையைக் காட்டினார். அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அந்தக் கையைப் பார்க்க யாருக்கும் பிடிக்காது.

"நீங்க கூட்டிக் கட்டின வராந்தா சட்டவிரோதம்னு லமான்னா நோட்டீஸ் விட்டாராமே?" என்று கொசிமோ பாய்ந்தார்.

"ஆமா விட்டாரு. அதுக்கு? கொல்லணும்னா ஊரைக் கூட்டி, கூட்டத்துலயே கொல்லுவேன். ஆறு மணிக்கு எழுந்தா? எனக்கென்ன பைத்தியமா?"

"ஜொன்னோ சொல்றது நிஜம்," என்றார் எர்சிலியா. "அன்னிக்கு இந்த ஆள் பனியன், ஜட்டியோட இறங்கி வந்தாரு. நான் நைட்டில. மேல் வீட்டுப் பொண்ணு தலையில முடி சுருட்டுற கிளிப்போட. ஒரே அசிங்கம். டாக்டர் ஒருத்தர்தான் மனுஷன் மாதிரி இருந்தாரு. வெள்ளைக் கோட்டு, ஷூ, லேஸ்கூடக் கட்டியிருந்தாரு."

"அந்த வெள்ளைக் கோட்டும் பாழாச்சு," என்றார் ஜொன்னோ. "அல்பேனியனை அடிச்ச அடில ரத்தம் தெறிச்சு நாறிப்போச்சு. அமைதியான ஆளு, அன்னிக்குச் சாமி வந்த மாதிரி அடிச்சாரு. நாங்கதான் பிடிச்சு இழுத்தோம்."

கொசிமோ தட்டிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுக்கப் போய்த் தவறவிட்டார். அது தரையில் உருண்டு, நிற்காமல் அறை நடுவே போய்ச் சேர்ந்தது.

"எல்லாமே அங்கதான் ஓடுது," என்று எர்சிலியா சலித்துக்கொண்டார். "நாலு மாசமா இப்படித்தான். கதவு மூடாது, ஜன்னல் திறக்காது. அதான் இஞ்சினீயரைக் கூப்பிடணும்னு லமான்னாகிட்ட மல்லுக்கு நின்னேன். அவரும் நோட்டீஸ்ல போட்டாரு, பாவம்."

ஆரஞ்சு போய் நின்ற இடத்தில், கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவே ஒரு சுவர். அதிலிருந்த வாசலில் ஒத்தாவியா முழங்கையை வைத்து அளந்து பார்த்தார். கை முழுக்க உள்ளே போயிற்று.

"இவ்வளவு தடிமனா?"

"பழைய கட்டடம். இந்தச் சுவர்தான் கீழேயிருந்து மேல வரைக்கும் தாங்குதுன்னு என் வீட்டுக்காரர் சொல்வாரு."

"கூட்டத்துக்கு இன்னிக்குப் போவீங்கல்ல?"

"எனக்கு முட்டி வலி. எப்பவும் டாக்டர்தான் ப்ராக்ஸி வாங்கிட்டுப் போவாரு. கட்டடத்துல பாதிக்கு மேல அவர்கிட்டதான் கொடுக்கும். ஆனா பாருங்க, போன வாரமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாச்சு. நேத்து மத்தியானம் மறுபடி வந்து, புதுசா ஒண்ணு போடுங்கன்னாரு. பழசுல தேதி தப்பாம். துக்க நேரத்துல வந்து இதா முக்கியம்னு நினைச்சேன். போட்டுக் கொடுத்துட்டேன்."

"எங்கிட்டயும்தான் வாங்கினாரு," என்றார் ஜொன்னோ. "நான் மார்க்கெட்டுக்குப் போகணும். எனக்கு யார் விளக்கு மாத்தினா என்ன?"

*

பல் மருத்துவர் ஸ்கிரால்தியின் கிளினிக் தரைத்தளத்தில், எர்சிலியாவின் வீட்டுக்கு நேர் கீழே இருந்தது. ஒரு கதவு தெருவுக்கு. இன்னொன்று மாடிப்படிக்கும் அடித்தளத்துக்கும். வீடு நாலாம் மாடியில்.

"தாடை வலி," என்று சொல்லி ஒத்தாவியா உள்ளே போனார். பொய்யும் இல்லை.

அண்மையில் புதுப்பித்த பெரிய கூடம். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை தடங்கல் இல்லாமல் ஒரே பளிங்குத் தரை. மூன்று சிகிச்சை நாற்காலிகள் வரிசையாக. ஓரத்தில் ஊசியும் ரத்தப் பஞ்சும் போடும் மஞ்சள் பெட்டி. நிரம்பி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டியிருந்தது.

"மன்னிக்கணும், இன்னிக்கு நோயாளிகளைப் பார்க்கல," என்றார் டாக்டர். மெலிந்த உடம்பு, இதமான குரல். "நேத்திலிருந்து கிளினிக் மூடியிருக்கு. லமான்னா எனக்கு நல்ல சிநேகிதர்."

"கூட்டம் மட்டும் உண்டாமே டாக்டர்?"

"அவருக்கு நாம செய்யற மரியாதை அதுதானேம்மா. அவர் ஆரம்பிச்ச வேலை நிக்கக் கூடாது."

"இந்தப் பெட்டியை எப்ப எடுத்துட்டுப் போவாங்க?" என்று கொசிமோ சும்மா கேட்டார். பேச்சு நின்றால் அவருக்குத் தாங்காது.

"நாளைக்கு," என்றார் டாக்டர். "சனிக்கிழமையாச்சே. புதனும் சனியும் வண்டி வரும்."

வெளியே வந்ததும் கொசிமோ, "நல்ல மனுஷன் அண்ணி," என்றார். "ஜொன்னோதான் ஆளு. அந்த முட்டியைப் பாருங்க!"

"புதன்கிழமை காலி பண்ணின பெட்டி. நேத்திலிருந்து மூடியிருக்கிற கிளினிக்குல அது எப்படி நிரம்பிச்சு, கொசிமோ? உன் சிநேகிதரைக் கூப்பிடு. இன்ஸ்பெக்டர் ஏழு மணிக்கு வாரண்டோட அந்தத் தெருக் கதவுல நிக்கணும்னு சொல்லு. தீயணைப்புக்காரங்களுக்கும் போன் போடு."

"தீ எங்க?"

"தீ இல்லை. அதைவிட மோசம்."

*

ஏழு மணிக்கு முற்றத்தில் கட்டடமே கூடிவிட்டது. ப்ராக்ஸி கொடுத்தவர்கள்கூட வேடிக்கைக்கு வந்திருந்தார்கள். கொலை நடந்த வீட்டில் விளக்கு மாற்றுவதைக்கூடச் சுவாரஸ்யமாகப் பேசுவார்களாக்கும் என்ற ஆசை. த்ரிதா உள்ளே நுழைந்ததும் ஒருவன் அவள் காலடியில் காறித் துப்பினான். அவள் சுவரோரம் போய் நின்றுகொண்டாள்.

டாக்டர் தலைமை நாற்காலியில் உட்கார்ந்தார். "இஞ்சினீயர் விஷயம் இப்ப வேண்டாம்னு நினைக்கிறேன். துக்கத்துல இருக்கோம். என்கிட்ட எட்டு ப்ராக்ஸி இருக்கு. ஓட்டுக்கு விடலாமா?"

"ஒரு சந்தேகம்," என்று ஒத்தாவியா எழுந்தார். "நான் த்ரிதாவோட ப்ராக்ஸி. கேட்க உரிமை உண்டு. போன வாரம் வாங்கின எட்டு ப்ராக்ஸி எங்க, டாக்டர்?"

"தேதி தப்புன்னு கிழிச்சுப் போட்டேன்."

"தேதி தப்பில்லை. அது முதல் அழைப்புக்கும் செல்லும். நேத்து விடியக்காலை அதை வச்சு நீங்க ஒரு கூட்டம் நடத்தினீங்க."

சிரிப்பு எழுந்தது. "முதல் அழைப்புலயா?" என்று ஜொன்னோ தொடையைத் தட்டினார்.

"நீங்க சிரிப்பீங்கன்னு அவருக்குத் தெரியும். அதான் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தாரு. நமக்கெல்லாம் முதல் அழைப்பு வெறும் பேச்சு. சட்டத்துக்கு அதுதான் நிஜமான கூட்டம். பதினாலு வீட்டுல எட்டு ப்ராக்ஸி, அவரோடது ஒண்ணு. ஒரே ஆள் வந்து உட்கார்ந்தாலும் கூட்டம் செல்லும். ப்ராக்ஸி கொடுக்காத அஞ்சு வீட்டுக்காரங்க எழுந்து கதவு மூடலைன்னு கத்த மாட்டாங்க. யாரும் குழப்ப மாட்டாங்க. இஞ்சினீயர் வேண்டாம்னு யாருக்கும் தெரியாமத் தீர்மானம் போட்டுடலாம். ஆனா நிர்வாகி இல்லாம எழுத முடியாது. அதனால லமான்னாவை வரச் சொன்னாரு. அவர் ஏன் ஆறு மணிக்கு அங்க இருந்தார்ங்கிறதுக்கு வேற பதில் எதுவும் பொருந்தல."

"கதை," என்றார் டாக்டர். குரல் இன்னும் இதமாகத்தான் இருந்தது.

"அடித்தளத்துல ரெண்டு நாற்காலி ஒரே பக்கத்துல இருந்துச்சு. பேசப் போனவங்க எதிரெதிரா உட்காருவாங்க. பக்கத்துல பக்கத்துல, காலி ரூமைப் பார்த்து யார் உட்காருவா? கூட்டத்துத் தலைவரும் எழுதுறவரும்தான். இப்ப நீங்க உட்கார்ந்திருக்கீங்களே, அது மாதிரி. மேசைல ரத்தம் படாத ஒரு இடம் இருக்கு. அங்க ப்ராக்ஸிங்க இருந்துச்சு. ரத்தம் அதுங்க மேல விழுந்துச்சு. அதனாலதான் நேத்து மத்தியானம், பிணம் ஆறுறதுக்குள்ள, வீடு வீடாப் போய்ப் புதுசா கையெழுத்து வாங்கினீங்க."

எர்சிலியா கைத்தடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"எதுக்குங்க அவர் லமான்னாவைக் கொல்லணும்? ஓட்டுதான் அவர் கையில இருக்கே?" என்று ஒரு குரல்.

"ஓட்டு இருந்துச்சு. லமான்னா ஒத்துக்கல. கட்டடம் இடியும்னு பயம் வந்துட்டா, நிர்வாகி யாரையும் கேட்க வேண்டாம். தானே இஞ்சினீயரைக் கூட்டி வரலாம். நிர்வாகம் படிக்கிறவங்களுக்கு முதல் நாள் சொல்லித் தர்ற பாடம் இது. டாக்டருக்கு இது தெரியல. லமான்னா சொல்லித்தான் தெரிஞ்சிருக்கும். எர்சிலியா வீட்டுல கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவுல முழங்கை நீளத் தடிமன்ல ஒரு சுவர் இருக்கு. உங்க எல்லார் வீட்டுலயும் அதே இடத்துல இருக்கு. கிளினிக்குல அது எங்க?"

அத்தனை தலைகளும் முற்றத்தைப் பார்த்த கிளினிக் ஜன்னல் பக்கம் திரும்பின. மூன்று நாற்காலிகளும் ஒரே பளிங்குத் தரையும் உள்ளே பளபளத்தன.

"இடிச்சிட்டாரு," என்றார் ஒத்தாவியா. "அஞ்சு மாடியும் இப்ப எதுமேலயும் நிக்கல. யாரும் இன்னிக்கு மேல போகாதீங்க. கட்டடத்தைப் பார்க்கத் தீயணைப்புக்காரங்க வந்துட்டிருக்காங்க."

ஒரு தாய் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். "அடப் பாவி!" என்று எர்சிலியா கத்தினார். "எங்க மேல கட்டடம் விழுந்தா உனக்கென்னன்னு இருந்தியாடா!"

"கடைசியா ஒண்ணு," என்றார் ஒத்தாவியா, அதே மெதுவான குரலில். "ஆறேகாலுக்குப் பெத்ரித் கத்தினப்ப எல்லாரும் தூக்கத்துல இருந்து ஓடி வந்தாங்க. நாலாம் மாடிக்காரர் மட்டும் லேஸ் கட்டின ஷூவோட, கிளினிக் கோட்டோட வந்தாரு. அடில இருந்த சட்டை முழுக்க ரத்தம். அதை மறைக்கக் கோட்டு. சட்டை ரத்தம் கோட்டுலயும் ஊறுமே, யாரும் கேட்காதபடி அதை மறைக்க என்ன வழி? அதுக்காகத்தான் முதல் அடி அடிச்சாரு. அந்தப் பையனோட ரத்தத்தை எடுத்து லமான்னா ரத்தத்து மேல பூசிக்கிட்டாரு. நீங்க எல்லாம் கூடச் சேர்ந்து உதவி பண்ணினீங்க. சட்டையும் ப்ராக்ஸியும் மஞ்சள் பெட்டில இருக்கு. பல் டாக்டர்கிட்ட ரத்தத் துணி இருந்தா யார் பிரிச்சுப் பார்ப்பா?"

டாக்டரின் கண் கிளினிக் ஜன்னலுக்குப் போயிற்று. உள்ளே போலீஸ் தொப்பிகள் அசைவது தெரிந்தது. அந்த ஒரு நொடியில் இதமெல்லாம் கழன்றுவிட்டது. இனி அந்த ஆளுக்கு என்ன மரியாதை? நாற்காலியைத் தூக்கி ஒத்தாவியாவின் முகத்தைப் பார்த்து வீசினான். கொசிமோ குறுக்கே பாய்ந்தார். நாற்காலி அவர் தோளில் பட்டு எலும்பு முறியும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"கெஞ்சினேன்டா அவன்கிட்ட!" என்று ஸ்கிரால்தி அலறினான். "ஒரு சுவரு! ஒரு சுவருக்காக என்னை ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தான்!"

வாசலை நோக்கி ஓடியவனை ஜொன்னோ பாதியிலேயே பிடித்துத் தரையில் அறைந்தார். மூக்கு உடைந்தது. அவ்வளவுதான், முற்றமே பாய்ந்தது. உதைத்தார்கள், கைத்தடி இறங்கியது, துப்பியவன் இப்போது ஸ்கிரால்தியின் வாயை மிதித்தான். பல் தெறித்துக் கல்தரையில் உருண்டது. நேற்றுக் காலையும் இப்படித்தான் இருந்திருக்கும், ஆள்தான் வேறு.

"நிறுத்துங்க!"

த்ரிதா நடுவில் புகுந்து நின்றாள். ஓங்கிய ஓர் உதை அவள் காலில் பட்டது. அவள் நகரவில்லை.

"இவன் பாவம்னு சொல்லல," என்றாள். மூச்சு வாங்கியது. "இவன் கோர்ட்டுல வாய் திறந்து பேசணும். அந்த வாயை உடைச்சுடாதீங்க. நேத்தும் இப்படித்தான் ஆரம்பிச்சீங்க. யார்னு கேட்டீங்களா? என்ன நடந்துச்சுன்னு ஒருத்தராவது கேட்டீங்களா?"

உதைத்துக்கொண்டிருந்தவர்கள் பின்வாங்கினார்கள். ஜொன்னோ மட்டும் ஸ்கிரால்தியின் முதுகில் முழங்காலை ஊன்றி அழுத்திக்கொண்டிருந்தார்.

"கூட்டம்தானே இது? எனக்கும் ஓட்டு இருக்குல்ல? அப்ப நான் ஒண்ணு கேக்குறேன். என் புருஷனை அடிச்சவங்க கை தூக்குங்க."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிலர் தரையைப் பார்த்தார்கள். எர்சிலியா கைத்தடியைக் கீழே போட்டார். கையை மெல்ல உயர்த்தினார். "ரெண்டு அடி," என்றார். "தலையில." அழுதார்.

அடுத்து ஜொன்னோ. பிளாஸ்திரி ஒட்டிய கையைத் தூக்கிக்கொண்டு, இன்னொரு கையால் ஸ்கிரால்தியை அழுத்திக்கொண்டார். பிறகு துப்பியவன். மேல் வீட்டுப் பெண். ஒருவர் பின் ஒருவராகக் கைகள் எழுந்தன.

கிளினிக் கதவு வழியாக இன்ஸ்பெக்டர் வந்தார். அவருக்குப் பின்னால் ஒரு போலீஸ்காரர் பிளாஸ்டிக் பையில் விறைத்துப்போன ஒரு சட்டையைப் பிடித்திருந்தார். முற்றம் நிறைய உயர்ந்திருந்த கைகளைப் பார்த்து இன்ஸ்பெக்டர் ஒரு கணம் நின்றுவிட்டார். பிறகு த்ரிதாவிடம் வந்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுட்டேன்மா. உங்க வீட்டுக்காரரை விடச் சொல்லியாச்சு." தரையில் கிடந்தவனைக் காட்டினார். "இவனை நான் கொண்டுபோறேன். இவங்க எல்லாம் என்ன?"

த்ரிதா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஸ்வெட்டரின் ரத்தம் காய்ந்த கையை மடித்துவிட்டுக்கொண்டாள்.

"இவங்களை என்ன செய்யறதுன்னு என் புருஷன் வந்து சொல்லட்டும்," என்றாள். "அதுவரைக்கும் கையை இறக்காதீங்க."

அவள் வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கி ஆஸ்பத்திரிப் பக்கம் ஓட ஆரம்பித்தாள். யாரும் கையை இறக்கவில்லை.